சந்திரமதி எழுதிய ஐம்பத்திரண்டு வரிகள்

சுனாமிக்குப் பிறகு கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்திலிருந்து போர்ட் பிளேருக்கு வந்து, ஷாதிபூரில் வாடகைக்கு இருந்துகொண்டு கம்ப்யூட்டர் படித்தவள் சந்திரமதி. 2011இல் டாலிகஞ்சில் நூர்முகம்மது பாயின் பார்சல் ஏஜென்சியில் வேலைக்குச் சேர்ந்தாள். சென்னையிலிருந்து கப்பலில் வரும் பார்சல் யாருடையது, எந்த மூட்டைக்குள் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் அங்கே பெரும்பாடு. அதற்கு ஒரு புரோகிராம் எழுதினாள். பெயரைத் தட்டினால் மூட்டை எண் வரும். வேறொன்றும் வராது.

பாய் கறுப்புத் திரையை வெகுநேரம் பார்த்தார்.

"என்ன புள்ள, இதுல ஒண்ணுமே அசையலையே?"

"அசையறதுக்கு என்ன பாய் இருக்கு? மூட்டை ஒரே இடத்துலதானே கெடக்குது."

பாய்க்கு மனம் ஆறவில்லை. ஆறு மாதம் கழித்து, சென்னையில் சாஃப்ட்வேர் கம்பெனியில் இருந்த தம்பி மகன் பைசலை வரவழைத்தார். பைசல் சென்னையிலேயே செய்து கொண்டுவந்த புரோகிராமில் வாடிக்கையாளரின் புகைப்படம் தெரிந்தது, வண்ண வண்ண வட்டங்கள் சுழன்றன. தகவல் வந்து சேரும்வரை நீலக்கடலில் ஒரு சின்னக் கப்பல் நகர்ந்தது. பாய் தெருவில் போனவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். அது பதினோரு சாஃப்ட்வேர் கருவிகளைச் சேர்த்துக் கட்டியது என்று பைசல் பெருமையாகச் சொன்னான். சந்திரமதி ஒன்றே ஒன்று கேட்டாள்.

"நெட் போச்சுன்னா ஓடுமா தம்பி?"

"நெட் ஏன் அக்கா போகப் போகுது?"

பைசல் தீவுக்கு வந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது; மழை பெய்தாலே இங்கே நெட் போகும் என்று அவனுக்குத் தெரியாது.

அடுத்த கப்பல் புயலில் சிக்கி ஐந்து நாள் தாமதமாக ஹேடோ துறைமுகத்துக்கு வந்தது. அன்று காலை பெய்த மழையில் நெட் போயே போய்விட்டது. கடையில் நூறு பேர். ஏதோ ஒரு மூட்டையில் பலாப்பழம் பழுத்து மணம் ஊரைத் தூக்கியது. மறுநாள் மகள் கல்யாணத்தை வைத்துக்கொண்டு முகூர்த்தப் புடவைக்காக நின்ற ரெங்கம்மா, எட்டித் திரையைப் பார்த்தாள்.

"அரே பாய், நெசக் கப்பல் ஹேடோவுக்கு வந்து சேர்ந்துருச்சு. ஒங்க கப்பல் எப்ப வரும்?"

திரையில் கப்பல் நடுக்கடலில் ஒன்றரை மணி நேரமாக நின்றிருந்தது. பைசல் கம்ப்யூட்டரை நான்காவது முறையாக அணைத்துப் போட்டான். கப்பல் துறைமுகத்திலிருந்து மறுபடி கிளம்பி, அதே இடத்தில் நின்றது.

"பஸ் கரோ பைசல், போதும் விடு!" என்றார் பாய். "சந்திரமதி, ஒன்னோட பழசு இருக்கா, அழிச்சிட்டியா?"

இருந்தது. சென்னை குமாஸ்தாவும் பழைய பழக்கத்தில் பெயரும் மூட்டை எண்ணும் உள்ள பட்டியலைப் பென் டிரைவில் போட்டு முதல் மூட்டையிலேயே வைத்து அனுப்பியிருந்தார். சந்திரமதி செருகினாள், தட்டினாள். ரெங்கம்மாவின் புடவை பதினேழாம் மூட்டையில் இருந்தது. பலாப்பழத்துக்குப் பக்கத்திலேயே இருந்ததால் மணமகள் மூன்று நாள் மணந்தாள் என்பது வேறு கதை. ஒரு மணி நேரத்தில் கடை காலியானது.

பைசல் நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் எழுதியதைப் படித்தான். மொத்தம் ஐம்பத்திரண்டு வரி.

"இவ்வளவுதானா அக்கா?"

"இன்னும் ஏழு வரி இருந்துச்சு தம்பி. தேவைப்படல, எடுத்துட்டேன்."

அவன் சிரிக்கவில்லை. ஒரு பிரதி கேட்டு வாங்கிக்கொண்டான்.

கல்யாணமாகி கார் நிக்கோபார் தீவுக்குப் போகும்வரை ஐந்து வருடம் சந்திரமதி அங்கேயே இருந்தாள். அவள் இடத்துக்கு ராணி என்ற பெண் வந்தாள். வேலையில் சந்தேகம் வந்தால் போன் செய்யச் சொல்லியிருந்தாள் சந்திரமதி. ராணி ஒரே ஒரு தடவைதான் கூப்பிட்டாள், கம்ப்யூட்டரின் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று கேட்க.