நீ எதுக்குடா மசிவே?

கண்ணாடித் தட்டை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, "நீ எதுக்குடா மசிவே?" என்று தினமும் கேட்பார் அக்கா. கேள்வி எனக்கல்ல, தட்டில் வளர்ந்திருக்கும் கிருமிக்கு.

எங்கள் மருத்துவமனைப் பரிசோதனைக்கூடத்தில் கிருமி வளர்க்கும் பிரிவு அவருடையது. பக்கத்து மேஜையில் ரத்தம் பார்ப்பவன் நான். நோயாளியிடமிருந்து எடுத்த கிருமியைத் தட்டில் பூசி, அதன்மேல் ஒவ்வொன்றும் வெவ்வேறு மருந்தில் தோய்த்த பொட்டளவு காகித வில்லைகளை வைத்து, இன்குபேட்டர் என்கிற சூட்டுப்பெட்டியில் வைத்து மூடிவிடுவார். மறுநாள் எந்த வில்லையைச் சுற்றிக் கிருமி வளராமல் வட்டமாகத் தெளிந்திருக்கிறதோ, அந்த மருந்துக்குக் கிருமி அடங்கும். ரிப்போர்ட்டில் அதற்கு 'சசெப்டிபிள்' என்று பெயர். அக்கா மொழியில், "மசிஞ்சுட்டான்."

அந்த ஆங்கிலச் சொல்லை அவர் வேலையோடு விட்டுவைப்பதில்லை. வீட்டுக்காரர் புகழ்ச்சிக்கு சசெப்டிபிள். "சட்டை எடுப்பா இருக்குன்னு ஒரு வார்த்தை போதும், மனுஷன் பாத்திரம் பூரா தேய்ச்சு வச்சுடுவார்." மாமியார் எதற்கும் மசியாத ரகம், கல்யாணமான நாளிலிருந்து அக்காவும் விதவிதமாக வில்லை வைத்துப் பார்க்கிறாராம். நான் ஓசி டீக்கு சசெப்டிபிள் என்று கூடம் முழுக்கப் பரப்பிவிட்டார். மறுப்பதற்கில்லை.

அவருக்கு நடை கிடையாது, ஓட்டம்தான். காலையில் வந்ததும் கைப்பையைக்கூட வைக்காமல் இன்குபேட்டரைத் திறப்பார். அந்த அவசரத்தைச் சாப்பாட்டு டப்பாவிடம்கூடக் காட்டி நான் பார்த்ததில்லை.

இந்த வாரம் அந்த ஓட்டம் ஓய்ந்துபோயிருந்தது. பிரசவ வார்டில் ஒரு பெண்ணுக்கு ஜுரம் இறங்கவில்லை. குழந்தையைத் தனியாகப் பிரித்து வைத்திருந்தார்கள். முதல் தட்டில் ஒரு வில்லையையும் மதிக்காமல் கிருமி பாய் விரித்திருந்தது. கடைசிக் கையிருப்பாக இருந்த மருந்துகளை வைத்து நேற்று இன்னொரு தட்டு போட்டார். அந்தப் பெண்ணின் கணவன், உட்காரச் சொன்னாலும் உட்காராமல், எங்கள் கவுண்டர் கண்ணாடிக்கு வெளியே நின்றுகொண்டே இருந்தான்.

இன்று காலை தட்டைத் தூக்கிப் பிடித்தவர் கிருமியிடம் எதுவும் கேட்கவில்லை. அளவுகோலை வைத்தார், எடுத்தார், மறுபடியும் வைத்தார். என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார். ஒரே ஒரு வில்லை, அதைச் சுற்றிப் பளிச்சென்று அகலமான வட்டம். நானும் அளவுகோலை வைத்துப் பார்த்தேன். அதற்குள் அக்கா போனில் டாக்டரைப் பிடித்து, மருந்தின் பெயரையும் 'சசெப்டிபிள்' என்பதையும் கூடமே அதிரச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அது வெளியே நின்றவன் காதிலும் விழுந்துவிட்டது. அவன் முகத்தில் ஈயாடவில்லை. பிரசவமான உடம்பில் கிருமி சுலபமாகத் தொற்றும் என்று எச்சரித்தபோது டாக்டர் சொன்னதும் அதே சொல்தானாம். கவுண்டர் துவாரத்தில் குனிந்து, "மறுபடியும் அதேதானா மேடம்?" என்றான்.

"வார்த்தை அதேதான் தம்பி, மாட்டினதுதான் வேற ஆளு. அன்னைக்கு உங்க வீட்டம்மா கிருமிக்கு மசிஞ்சாங்க. இன்னைக்குக் கிருமி மருந்துக்கு மசிஞ்சுடுச்சு. ஊசி போட நர்ஸ் போயாச்சு."

அவன் நம்பலாமா கூடாதா என்று விழித்தான். அக்கா மூடிய தட்டைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்து, தெளிந்த வட்டத்தின் ஓரமாக விரலை ஓட்டிக் காட்டினார். வெளியிலிருந்து அவனும் கண்ணாடியில் விரலை வைத்தான். அக்காவின் விரலுக்குப் பின்னாலேயே வட்டத்தைச் சுற்றி வந்தான். அவர் கையை எடுத்த பிறகும் அவன் சுற்றிக்கொண்டே இருந்தான்.