எஃப் வரிசை, ஏழாம் மேசை

தேர்வு தொடங்க இருபது நிமிடம் இருக்கும்போது மெல்வின் ஸ்டாக்டேல் கூடத்து வாசலில் குனிந்து ஷூவைக் கழற்றுவார். பையிலிருந்து கட்டம் போட்ட கம்பளிச் செருப்பை எடுத்து மாட்டிக்கொள்வார். வரிசையில் நிற்கிற பதினாறு வயதுப் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும். "சிரிங்க, சிரிங்க. உள்ள போனப்புறம் இந்தக் காலு எப்ப வருது எப்ப போவுதுன்னு ஒருத்தருக்கும் தெரியாது" என்பார். உண்மைதான். எங்கள் பள்ளியின் பழைய கூடத்துக்குப் பலகைத் தரை. மற்ற கண்காணிப்பாளர்கள் நடந்தால் முனகும். எந்தப் பலகை முனகும், எது முனகாது என்பது மெல்வினுக்கு அத்துப்படி.

நான் ஸ்கெல்பெக் பள்ளியின் தேர்வு அலுவலர். நூற்றெண்பது மேசைகளை அளவு பார்த்துப் போடுவது, ஒவ்வொன்றிலும் பெயர் அட்டை வைப்பது, கேள்வித்தாளைப் பூட்டி வைப்பது எல்லாம் என் வேலை. சுபாவத்திலேயே கறார் பேர்வழி நான். என்னிடம் வேலைக்கு வந்த கண்காணிப்பாளர்களில் என்னையும் மிஞ்சிய கறார் பேர்வழி மெல்வின். கைக்கடிகாரத்தோடு ஒரு பிள்ளை உள்ளே போக முடியாது. தண்ணீர் பாட்டிலில் லேபிள் ஒட்டியிருந்தால் அவரே உரித்துவிடுவார். உரித்துவிட்டு அந்த பிளாஸ்டிக் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "இதெல்லாம் ஒரு பாட்டிலா?" என்று திருப்பிக் கொடுப்பார்.

அவர் அப்படிச் சொல்லலாம். இந்த ஊர்க் கண்ணாடித் தொழிற்சாலையில் நாற்பத்து மூன்று வருடம் பாட்டில் பார்த்தவர். விளக்குப் பலகைக்கு முன்னால் பாட்டில்கள் வரிசையாக ஓடும். விரிசல், குமிழி, கோணல் எது இருந்தாலும் தட்டிவிட வேண்டும். "கண்ணு சிமிட்டினா நாலு பாட்டில் போயிரும்" என்பார். பிள்ளைகளையும் அப்படித்தான் பார்ப்பார். யார் ராத்திரி முழுக்கத் தூங்காமல் வந்திருக்கிறான், யார் அழப் போகிறாள் என்பதெல்லாம் எனக்குத் தெரிவதற்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிடும். காகிதக் கைக்குட்டை ஒன்றை மேசை ஓரத்தில் வைத்துவிட்டு, பார்க்காத மாதிரி போய்விடுவார்.

அவருக்கு ஒரு பலவீனம் உண்டு. வராத பிள்ளையின் மேசை. தேர்வு தொடங்கி ஒரு மணி நேரம் ஆனால் அந்த மேசையிலிருக்கிற அட்டையை எடுத்துவிட வேண்டும். மெல்வின் எடுக்கவே மாட்டார். காலி நாற்காலிக்குப் பக்கத்தில் அவசியத்துக்கு மேல் கொஞ்ச நேரம் நிற்பார். அப்புறம் தலைமைக் கண்காணிப்பாளர் ஜீனைப் பார்த்துக் கண்ணைக் காட்டுவார். ஜீன் அலுத்துக்கொண்டே வந்து எடுத்துப் போவாள்.

இந்தப் பள்ளியை அவரிடம் கேட்டுத்தான் நான் தெரிந்துகொண்டேன். கட்டியது 1931. உலகப்போர்க் காலத்தில் விளையாட்டுத் திடலைத் தோண்டிப் பதுங்குகுழி போட்டு, மேலே முட்டைக்கோசு பயிர் பண்ணினார்களாம். முற்றத்தின் நடுவில் ஒரு சுவர் இருந்தது, இந்தப் பக்கம் பையன்கள், அந்தப் பக்கம் பெண்கள். சுவரை இடித்து நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. மெல்வின் இன்னும் அது இருந்த இடத்தைத் தாண்டாமல் சுற்றிக்கொண்டுதான் வருவார். கேட்டால், "அந்தப் பக்கம் போனா பிரம்படி" என்பார். பதினோரு வயதில் எழுதிய தேர்வில் தோற்ற பிள்ளைகளுக்கான பள்ளியாக இது இருந்ததும், பிறகு எல்லோருக்குமான பள்ளியாக ஆனதும், பெயர் மூன்று தரம் மாறியதும், பிள்ளைகளின் கழுத்து டை முடிச்சுப் போடுகிறதிலிருந்து கொக்கி மாட்டுகிறதாக மாறியதும் அவருக்கு நேற்று நடந்த மாதிரி. பழைய கட்டடத்தில் மிச்சம் இந்தக் கூடம் ஒன்றுதான். மரவேலை அறை இருந்த இடத்தில் இப்போது ஆசிரியர்களின் கார்கள் நிற்கின்றன.

ஆனால் இந்தக் கூடத்தில் அவர் தேர்வு எழுதியதில்லை. 1972 பிப்ரவரியில் அவருக்குப் பதினைந்து முடிந்தது. அந்த வருடம் செப்டம்பரிலிருந்து எல்லோரும் பதினாறு வரை படித்தே ஆகவேண்டும் என்று சட்டம் வரவிருந்தது. அதற்குள் பள்ளியை விட்டுப் போகிறவர்கள் போகலாம். அவர் வகுப்பில் முப்பத்தொரு பையன்கள். ஈஸ்டருக்கும் கோடைக்குமாக இருபத்தெட்டுப் பேர் கிளம்பினார்கள். கணக்கு வாத்தியார் லம்லி மட்டும் நடைவழியில் நிறுத்தி, "இன்னும் ஒரு வருஷம் இருடா ஸ்டாக்டேல். கணக்கு உனக்கு வருது" என்றாராம். வீட்டில் யாரும் போகச் சொல்லவில்லை. கஷ்டமும் ஒன்றும் பெரிதாக இல்லை. "எல்லாரும் போனானுங்க, நானும் போனேன். அவ்வளவுதான் கண்ணு. சொல்றதுக்கு ஒரு நல்ல காரணங்கூட இல்ல" என்று அவர் ஒருமுறை சொன்னார்.

அடுத்த வருடம் ஜூன் மாதம் மதிய ஷிப்டுக்கு மாடி பஸ்ஸின் மேல்தட்டில் உட்கார்ந்து போகும்போது, திறந்திருந்த கூடத்து ஜன்னல் வழியாக, போகாமல் தங்கிய அந்த மூன்று பேரையும் பார்த்தாராம். குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். "தலை மட்டும் தெரிஞ்சுது. மூணு தலை. மறுநாளும் அதே பஸ்ல அதே சீட்டுல போய் உட்கார்ந்தேன், பாத்துக்க."

போன ஜனவரியில் என் அலுவலக ஜன்னலில் வந்து நின்றார்.

"ஒரு ஃபாரம் வேணும் கண்ணு. தனித்தேர்வர் ஃபாரம்."

"யாருக்கு மெல்வின்? பேரனுக்கா?"

"அவன் லீட்ஸ்ல எஞ்சினியரா இருக்கான், அவனுக்கு எதுக்கு? எனக்குத்தான். கணக்கு."

நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்தேன். அறுபத்தாறு வயது, இன்னும் ஒரு மாதத்தில் அறுபத்தேழு. காது நுனி சிவந்திருந்தது.

"மூணு தாள் இருக்கு. அந்த மூணு நாளும் உங்களுக்கு இங்க வேலை கிடையாது, தெரியுமில்ல?"

"அந்த மூணு நாளும் எனக்கு வேற வேலை இருக்கே!"

விஷயம் பரவாமல் இருக்குமா? ஜீன் ஆசிரியர் அறையில் எல்லோர் முன்னாலும் பிடித்துக்கொண்டாள். "நீ எழுதுற அன்னிக்கு உன் முதுகுக்குப் பின்னாடியே நிப்பேன் பாரு. திரும்பிப் பாத்தே, காதைத் திருகிருவேன்." மெல்வின் அடங்கி ஒடுங்கி, "சரிங்க மிஸ்" என்றார். வீட்டில் மனைவி பார்பரா, சமையலறை மேசையில் கோணமானியும் அளவுகோலும் கிடப்பதால் ரொட்டித் தட்டு வைக்க இடமில்லை என்று ஒரு மாதம் முணுமுணுத்துவிட்டு, பிறகு அவளே மேசையின் பாதியைத் துடைத்து ஒதுக்கிக் கொடுத்துவிட்டாளாம். கடைசி வகுப்பு நாளில் பிள்ளைகள் ஒருத்தர் சட்டையில் ஒருத்தர் பேனாவால் கையெழுத்துப் போட்டுக் கூத்தடித்தபோது, மெல்வின் நடைவழி ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "எங்க காலத்துல ஒரு சட்டைகூட வீணாகலை" என்றார். பாராட்டுகிற குரலில் அவர் அதைச் சொல்லவில்லை.

மே மாதம் முதல் தாள். எஃப் வரிசை, ஏழாம் மேசை. ஷூ பளபளவென்று துடைத்திருந்தது. முகச்சவரத்தில் தாடையை வெட்டிக்கொண்டிருந்தார். பக்கத்து மேசை பெத்தனி என்கிற பெண்ணுக்கு. "பயமா இருக்கா சார்?" என்று வாசலிலேயே அவள் கேட்டாள். "நான் இன்னிக்கு சார் இல்லம்மா. பயமாத்தான் இருக்கு" என்றார்.

நாற்பதாவது நிமிடம் பெத்தனியின் கவராயம் கீழே விழுந்தது. அந்த நிசப்தத்தில் தட்டு விழுந்த மாதிரி கேட்டது. எதைத் தவறவிட்டாலும் பிள்ளைகள் கையைத் தூக்க வேண்டும், கண்காணிப்பாளர் வந்து எடுத்துக் கொடுப்பார். பெத்தனி கையைத் தூக்குவதற்குள் மெல்வின் எழுந்துவிட்டார். குனிந்து கவராயத்தை எடுத்தார். "இந்தா கண்ணு" என்று கிசுகிசுத்து அவள் மேசையில் வைத்தார். அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வரிசையோடு நடக்க ஆரம்பித்துவிட்டார். முனகாத பலகைகளாகப் பார்த்து மிதித்தபடி கடைசி வரை போய்த் திரும்பி, கூடத்தை ஒரு தரம் கண்ணால் அளந்தார். எஃப் வரிசையில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது.

நாங்கள் தடுப்பதற்குள் நேரே ஜீனிடம் வந்துவிட்டார். நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

"எஃப் ஏழு யாரு? வரலையா?" என்றார் மெதுவாக.

ஜீன் கண் கலங்கிப் போய் அவரைப் பார்த்தாள். "மெல்வின்... அது நீதான்."

அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன். திரும்பிப் போய் உட்கார்ந்து பேனாவை எடுத்தார். கொஞ்ச நேரம் பேனா ஓடவில்லை.

தேர்வு முடிந்ததும் என் அறைக்கு அவரே வந்துவிட்டார். இடத்தை விட்டு எழுந்தது, இன்னொரு தேர்வரிடம் பேசியது, பொருள் கொடுத்தது, கூடத்தில் நடந்தது. ஒவ்வொன்றையும் தேர்வு வாரியத்துக்கு எழுதியாக வேண்டும். என் வாழ்க்கையில் முதல் தடவையாக எழுதாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தேன்.

"என்ன யோசனை? எழுது கண்ணு. நேத்து வேற யாராச்சும் இதைப் பண்ணியிருந்தா நானே உன்னைய எழுத வச்சிருப்பேன்ல. ஆனா அந்தப் பொண்ணு மேல ஒரு எழுத்து படக்கூடாது. அவ வாயையே தொறக்கலை."

அவருடைய வாக்குமூலத்தையும் அவரே எழுதிக் கொடுத்தார். நான் எழுதி முடிக்கும் வரை எதிர் நாற்காலியை விட்டு நகரவில்லை.

எட்டாம் நாள் பதில் வந்தது. பெத்தனிக்கு ஒன்றுமில்லை. மெல்வினின் முதல் தாள் செல்லாது. இத்தனை வருடம் கண்காணிப்பாளராக இருந்தவர் விதி தெரியாது என்று சொல்வதற்கில்லை என்று ஒரு வரி சேர்த்திருந்தார்கள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. விதியைக் கட்டிக்கொண்டு அழுகிற நானே அன்றைக்கு விதியைத் திட்டினேன். மெல்வின் கடிதத்தை இரண்டு தரம் படித்தார். மேசையிலிருந்த பென்சிலை எடுத்து உறையின் பின்பக்கம் ஏதோ பெருக்கிக் கூட்டினார்.

"மீதி ரெண்டுலயும் நூத்துக்கு நூறு வாங்கினா ஒருவேளை கரையேறலாம். எனக்கு எங்க வரப்போவுது நூறு! பாஸாக வழியில்ல. பாரு, கணக்கு எனக்கு வருதுன்னு லம்லி சொன்னது சரிதான்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "நவம்பர்ல திரும்ப எழுதலாம் மெல்வின். நானே பதிவு பண்றேன். அடுத்த ரெண்டு தாளுக்கு நீங்க வரணும்னு இல்ல."

"நவம்பர்ல எங்க வச்சு நடத்துவே?"

"பன்னண்டு பேர்தான் இருப்பாங்க. நூலகத்துக்குப் பக்கத்து அறையில."

"அதான பாத்தேன்." உறையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "நான் வரேன் கண்ணு. ஜூன் மாசம், கூடத்துல, எல்லாரோடயும். இதுல பாஸ் எங்க வந்துச்சு?"

இரண்டாம் தாளுக்கு வந்தார். மூன்றாம் தாளுக்கும் வந்தார். பக்கத்தில் எது விழுந்தாலும் தலையை நிமிர்த்தாமல் எழுதினார். கடைசி நாள் நல்ல வெயில். பக்கத்து வயலில் புல் அறுத்த வாசனை உள்ளே வந்தது. நேரம் முடிந்து, விடைத்தாள்களை வாங்கி எண்ணிச் சரிபார்த்த பிறகு ஜீன் ஒவ்வொரு வரிசையாக அனுப்பினாள். அந்தப் பிள்ளைகளுக்கு இதுதான் கடைசித் தேர்வு. வாசலைத் தாண்டியதும் கத்துகிற கத்தல் உள்ளே கேட்டது. ஏ போனது, பி போனது. மெல்வின் ஒவ்வொரு வரிசை போவதையும் தலை திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எஃப் வரிசை போகலாம்" என்றாள் ஜீன்.

பெத்தனி எழுந்து, போகிற போக்கில் அவர் தோளில் லேசாகத் தட்டிவிட்டு ஓடினாள். வரிசை காலியானது. மெல்வின் எழுந்திருக்கவில்லை. ஜீன் என்னைப் பார்த்தாள். அவரை விட்டுவிடு என்று நான் தலையசைத்தேன்.

மெல்வின் உட்கார்ந்தபடியே இரண்டு கையாலும் நாற்காலியைப் பிடித்து, மேசைக்கு இன்னும் கொஞ்சம் நெருக்கி இழுத்துப் போட்டுக்கொண்டார்.