முகம் தேய்ந்த மாதா

டென்மார்க்கின் பிராண்டேயில் நான் வாடகைக்கு இருந்தது ஒரு மன்னார்க் குடும்பத்தின் மேல்மாடி அறையில். அதற்கு முன் நான்கு நாடுகளில் எத்தனையோ அறைகள்; எதிலும் அதிக காலம் இருந்ததில்லை. இங்கே இருந்த மூன்றாவது குளிர்காலத்தில் வீட்டுக்கார அக்காவுக்குப் புற்றுநோய் முற்றியது. இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று மருத்துவமனையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். முன்னறையில் கட்டில் போட்டோம். கோயிலுக்குப் போக முடியவில்லை என்பது ஒன்றுதான் அவர் வாய்விட்டுச் சொன்ன குறை. படுத்தபடியே பார்க்க மாதாவின் நல்ல படம் ஒன்று வேண்டும் என்றார்.

நான் புல் வெட்டிக்கொடுக்கும் டேனிஷ் அம்மா ஒருவர், நூலகத்தில் உள்ள மிகப் பழைய செபப் புத்தகங்களின் படங்களைக் கன்றுத்தோலில் கையால் திரும்ப வரைபவர். அவரிடம் கேட்டேன். ஒரு மாதா படத்தைத் துணியில் சுற்றி இரவலாகத் தந்தார்.

வீட்டில் பிரித்தோம். நீல அங்கி, தங்கம் மினுங்கும் ஓரம், மடியில் பாலன். மாதாவின் முகம் இருக்க வேண்டிய இடத்தில் மங்கிய கறை மட்டும் இருந்தது. அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“அரைகுறையா விட்டதைத் தந்து அனுப்பியிருக்கிறா. நீயும் பாக்காமல் காவிக்கொண்டு வந்தனி,” என்றார் அண்ணை, அவருடைய கணவர்.

உடனே காரை எடுத்துக்கொண்டு திரும்பிப் போனேன். அந்த அம்மா மூலப் படத்தின் நிழற்படத்தைக் காட்டினார். அதிலும் முகம் இல்லை. புத்தகத்தை வைத்திருந்தவர்கள் செபிக்கும்போதெல்லாம் அந்த முகத்தை முத்தமிட்டார்களாம். நிறம் அவர்கள் உதட்டோடு போய்விட்டதாம். அந்தக் கறையை வரையத்தான் தங்க வேலையைவிட அதிக நாள் பிடித்தது என்றார். முகம் போட்டால் அது தன் கற்பனைதான், ஆனாலும் சாகக் கிடப்பவர் கேட்டால் போட்டுத் தருகிறேன், வைத்துவிட்டுப் போ என்றார். வைத்துவிட்டு வந்தால் திரும்ப எடுத்து வரும்வரை அக்கா இருப்பாரா என்று தெரியவில்லை. அவரையே கேட்கிறேன் என்று படத்தை எடுத்துக்கொண்டு வந்தேன்.

அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

“எல்லாரும் கொஞ்சினதிலயோ போனது?”

“ஓம் அக்கா.”

“அப்ப புதுசா முகம் கீற வேண்டாம். கிட்டக் கொண்டு வா, தம்பி.”

தலையைத் தூக்க முடியாததால் இரண்டு விரலால் அந்தக் கறையைத் தொட்டு உதட்டில் வைத்தார். பிறகு காலையில் விழித்ததும் அதுதான் முதல் வேலை. கணவர் படத்துக்குக் கண்ணாடி போடப் பார்த்தார், அக்கா விடவில்லை.

அடக்கம் முடிந்தபின் படத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். முகத்தில் நிறம் இன்னும் போய், கன்றுத்தோல் தெரிந்தது. ஏச்சு வாங்கத் தயாராக நின்றேன். அந்த அம்மா சன்னல் பக்கம் பிடித்து நீண்ட நேரம் பார்த்தார். பிறகு அதே துணியில் சுற்றி, இறந்தவரின் கணவரிடம் கொடு என்றார்.

இப்போது அது முன்னறையில் கண்ணாடி இல்லாமல் தொங்குகிறது. அண்ணை வேலைக்குப் போகுமுன் தொட்டுவிட்டுப் போவார். நான் சைவ சமயக்காரன், தொடுவதில்லை. சனிக்கிழமைகளில் தூசி தட்டுவேன், முகத்தை மட்டும் விட்டுவிட்டு.