கேசட்டின் வேகம்

அவளைத் தடதடா என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். பெற்றவளே அப்படிக் கூப்பிட்டால் மற்றவர்களைக் குறைசொல்லி என்ன பயன்? அவள் கை சும்மா இருக்காது. மேசை, வாளி, பஸ் ஜன்னல், தம்பியின் முதுகு என்று எது கிடைத்தாலும் தட்டிவிடுவாள். முப்பது வயதை நெருங்கியும் அந்தப் புத்தி போகவில்லை. பகலில் ஒரு பெரிய சலவைக் கூடத்தில் வேலை. மருத்துவமனைகளிலிருந்தும் தங்கும் விடுதிகளிலிருந்தும் வருகிற படுக்கை விரிப்புகளை ஈரத்தோடு உதறிப் பிரித்து, சூடான உருளைக்குள் கொடுக்கவேண்டும். ஓர் ஓரத்தை இவள் பிடிப்பாள், மறு ஓரத்தை அவளுடைய ஜோடிக்காரி பிடிப்பாள். வேலை முடிந்ததும் நேராகத் தம்பி வேலைபார்க்கும் ரேடியோ ரிப்பேர்க் கடைக்குப் போய், பின்னறையில் கிடக்கும் டிரம்ஸ் முன்னால் உட்கார்ந்துவிடுவாள்.

சத்தம் வெளியே போகாதபடி பின்னறைச் சுவரெல்லாம் முட்டை அட்டை. கதவுக்குப் பழைய மெத்தை. அதற்குள் மூன்று பேர். இவளுக்கு டிரம்ஸ், தம்பிக்குக் கிட்டார், பாடுவதற்கு ஒருவர். பாடுவது என்று சொல்லக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும். அவர் பஸ் நிலையத்தில் அறிவிப்பாளர். பகலெல்லாம் தேன் ஒழுகும் குரலில் பயணிகளை வழியனுப்பிவிட்டு, சாயங்காலம் இங்கே வந்து அடிவயிற்றிலிருந்து உறுமுவார். இரண்டும் ஒரே தொண்டை என்று சத்தியம் பண்ணினாலும் யாரும் நம்பமாட்டார்கள்.

அந்தக் காலத்தில் ஊரில் பங்க் என்கிற முரட்டு இசை வாசிக்கும் குழுக்கள் நாலைந்து இருந்தன. கையில் கிடைத்த வாத்தியம், வயிற்றில் ஆத்திரம், அவ்வளவுதான் முதலீடு. மெட்டல் இசைக்காரர்கள் வேறு கூட்டம். நீள முடி, கனத்த சத்தம், முடிப்பதற்கு மனசே வராத கிட்டார் வாசிப்பு. இரண்டு கூட்டமும் தெருவில் எதிரெதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். இந்த மூவருக்கோ இரண்டும் வேண்டியிருந்தது. பங்கின் அவசரத்தை எடுத்துக்கொண்டார்கள், மெட்டலின் பாரத்தை எடுத்துக்கொண்டார்கள், நீட்டி முழக்குவதை மட்டும் குப்பையில் போட்டார்கள். தம்பி கிட்டார் கம்பிகளைத் தளர்த்தித் தளர்த்திக் கொடிக்கயிறு மாதிரி தொங்கவிட்டான். ஒரு நிமிடம் ஓடினால் அது நீளமான பாட்டு. வரிகளெல்லாம் வாடகை ஏற்றம், சம்பள வெட்டு, மேலதிகாரியின் பொய். உறுமலில் ஒரு வார்த்தையும் புரியாது. கேட்டால், புரியவேண்டியவனுக்குப் புரியும் என்பார் அறிவிப்பாளர். அக்கம்பக்கத்தில் இந்தச் சத்தத்துக்கு மாவு மில் என்று பேர் வைத்தார்கள். வேறு தேசங்களிலும் இதே வெறியோடு சிலர் இருந்தார்கள் என்பதும், அங்கே இதற்குக் கிரைண்ட்கோர் என்று பேர் என்பதும் பிற்பாடுதான் தெரிந்தது. அரைக்கிறது என்ற விஷயத்தில் உள்ளூர் வாயும் வெளியூர் வாயும் ஒத்துப்போயின.

வினை வந்தது கேசட் உருவத்தில். பத்துப் பாட்டுகளைப் பின்னறையிலேயே பதிவுசெய்தார்கள். அசல் கேசட்டைத் தடதடா வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டாள். அதற்குமுன் தம்பி, கடையில் இரண்டு டேப் ரெக்கார்டர்களை ஒயரால் இணைத்து, ஒன்றில் ஓடவிட்டு மற்றதில் பிரதி எடுத்தான். அந்த வாரம் பார்த்து ஓடும் மெஷினின் மோட்டார்ச் சக்கரம் உடைந்தது. வேறு கம்பெனி மெஷினிலிருந்து ஒரு சக்கரத்தைக் கழற்றி மாட்டினான். கொஞ்சம் பெரியது. ஓடியது, அதனால் விட்டுவிட்டான். பிரதிகள் தபாலில் போயின, கைமாறின, பிரதியிலிருந்து பிரதி பிறந்தது. அந்தப் பிரதியை இந்த மூவரில் ஒருவரும் கேட்டுப் பார்க்கவில்லை. தன் குழந்தையைப் பற்றி அடுத்தவனிடம் விசாரிப்பானேன் என்ற தெனாவெட்டுதான், வேறென்ன.

அப்புறம் வெளியூரிலிருந்து அழைப்பு வந்தது. ஒரு தொழிற்சங்க மண்டபம், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஐந்து குழுக்கள், கடைசியில் இவர்கள். அழைப்போடு வந்த சுவரொட்டியில் உலகத்திலேயே வேகமான டிரம்ஸ் என்று அச்சடித்திருந்தது. மூவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஏற்பாடு செய்தவர் அங்கே கடையில் விற்கிற கேசட் ஒன்றையும் கொடுத்தனுப்பியிருந்தார். தம்பி அதைப் போட்டான்.

சிரிப்பு நின்றுவிட்டது. டிரம்ஸ் தனித்தனி அடியாகக் கேட்கவில்லை, ஆலங்கட்டி மழை தகரத்தில் விழுவதுபோல் கொட்டியது. கம்பிகளை அத்தனை தளர்த்தி வைத்திருந்ததால், வேகம் கூடியும் கிட்டார் கீச்சிடவில்லை. உறுமலும் உறுமலாகவே இருந்தது. சந்தேகப்பட யாருக்கும் வழியில்லை. தடதடா மெஷினை நிறுத்தினாள்.

"இது நான் இல்ல," என்றாள்.

தம்பி எழுந்துபோய், பிரதி எடுக்கும்போது அசலை ஓடவிட்ட மெஷினின் மூடியைக் கழற்றிப் பார்த்தான். உள்ளே அந்தப் பெரிய சக்கரம்தான் பாட்டை வேகமாக ஓட்டியிருந்தது. அறிவிப்பாளர் மெதுவாகக் கணக்குப் போட்டுச் சொன்னார். மண்டபம் பேசியாகிவிட்டது, நாலு குழுக்கள் ஒத்துக்கொண்டுவிட்டன, சுவரொட்டி ஒட்டியாகிவிட்டது. போகாவிட்டால் பயந்தாங்கொள்ளி, போய் மெதுவாக வாசித்தால் மோசடிக்காரன். மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது என்று தம்பி மூடியைப் பார்த்தபடியே சொன்னான். நெட்டையைக் கூப்பிடலாம்.

நெட்டை டயர்க் கடையில் வேலைபார்ப்பவன், வேறொரு குழுவின் டிரம்மர், வேகத்துக்குப் பேர்போனவன். நல்ல மனுஷன் வேறு. திட்டக்கூட முடியாது என்பதுதான் எரிச்சல். தடதடா தன் டிரம்ஸைப் பார்த்தாள். அந்த டிரம்ஸ் அவள் ஓவர்டைம் பார்த்து வாங்கியது. குழு அவள் ஆரம்பித்தது. தம்பியின் கையில் கிட்டாரைக் கொடுத்தவளே அவள்தான்.

"சக்கரத்த மாத்துனவன் நீ. எந்திரிச்சுப் போகவேண்டியவ நானா? நல்லாருக்குடா உன் நியாயம்."

அறிவிப்பாளர் நடுவில் புகுந்து ஓர் ஒப்பந்தம் செய்துவைத்தார். அவளே வாசிக்கட்டும். ஆனால் நெட்டையும் கூட வரட்டும், மேடையோரம் நிற்கட்டும். அவள் தடுமாறினால் தம்பி தலையைத் திருப்பி அவனைப் பார்ப்பான், அவன் ஏறி உட்காருவான். தடதடா ஒத்துக்கொண்டாள். மாட்டேன் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது, ஆனால் அந்தக் கேசட் காதில் கொட்டிக்கொண்டிருந்தது.

அதன்பிறகு அவள் பட்ட பாடு சொல்லி மாளாது. கேசட்டைப் போட்டுக்கொண்டு கூடவே அடித்தாள். பாதிப் பாட்டுக்குள் தோள் கல்லாகிவிடும், மணிக்கட்டு வீங்கிவிடும். நெட்டை ஒருநாள் பின்னறைக்கு வந்து பாட்டுகளைப் பழகிவிட்டுப் போனான். அவளுடைய இருக்கையை அவன் தன் உயரத்துக்கு ஏற்றியிருந்தான். மறுநாள் அதை இறக்கும்போது அவளுக்கு அழுகை வந்தது. கோபத்தில் வந்த அழுகைதான், ஆனாலும் அழுகை. அம்மாவிடம் கை வலிக்கிறது என்று சொன்னால், மில்லை மூடிவிட்டு வேறு வேலையைப் பார் என்ற பதில்தான் கிடைத்தது.

சலவைக் கூடத்தில் விரிப்பு கைநழுவித் தரையில் விழ ஆரம்பித்தது. விழுந்ததை மறுபடி துவைக்கவேண்டும். ஜோடிக்காரி சிலநாள் பொறுத்துப் பார்த்தாள், பிறகு வெடித்துவிட்டாள். நேற்றைக்கு வேலைக்கு வந்தவள் மாதிரி ஏன் தோளால் உதறுகிறாய், துணியின் கனம் தானே உதறிக்கொள்ளாதா, மணிக்கட்டைச் சுண்டிவிட்டுப் பேசாமல் இருக்கத் தெரியாதா என்று வாங்கு வாங்கென்று வாங்கினாள். தடதடா விரிப்பின் ஓரத்தைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். ஜோடிக்காரி, திட்டியது அதிகமாகிவிட்டதோ என்று பயந்துபோனாள்.

அன்று சாயங்காலம் அவள் கேசட்டைப் போடவில்லை. குச்சியை இறுக்கிப் பிடிக்காமல், டிரம்மின் தோல்மேல் விழுந்து தானாகத் துள்ளவிட்டாள். இதுவரை இரண்டு கையையும் ஒரே சமயத்தில் இறக்கிக்கொண்டிருந்தாள். இப்போது பங்கு பிரித்தாள். வலது கை பித்தளைத் தட்டுக்கு, அதே நொடியில் மிதிகட்டையில் இருக்கும் கால் பெரிய டிரம்முக்கு. அந்த இடைவெளியில் இடது கை சின்ன டிரம்முக்கு. ஒவ்வொன்றுக்கும் பாதி வேலைதான். ஆனால் மூன்றும் சேர்ந்தபோது கடையின் முன்பக்கம் கண்ணாடி அலமாரி அதிர்ந்தது. ஒரு பாட்டு முழுசாக வந்தது. இரண்டாவது பாட்டில் மணிக்கட்டு மடங்கிவிட்டது. மண்டபத்தில் பத்துப் பாட்டு.

போகும் நாளும் வந்துவிட்டது. நாலு பேரும் ரயிலேறிப் போய்ச் சேர்ந்தார்கள். மண்டபத்தில் மரப்பலகை மேடை, மேலே இரண்டு மின்விசிறி, கீழே கொள்ளாத கூட்டம். பங்க் கூட்டம் இடப்பக்கம், மெட்டல் கூட்டம் வலப்பக்கம், நடுவில் ஓர் ஆள் படுக்கிற அளவுக்கு இடம் விட்டு முறைத்துக்கொண்டு நின்றார்கள். நெட்டை மேடைப் படியருகே நின்றான். அவனுடைய பின்பாக்கெட்டில் இரண்டு குச்சிகள் நீட்டிக்கொண்டிருந்தன. தடதடா அந்தப் பக்கம் பார்க்கக்கூடாது என்று நினைத்து நினைத்து, அந்தப் பக்கமே பார்த்தாள்.

முதல் பாட்டு தொடங்குவதற்குள் முடிந்துவிட்டது. கேசட்டில் கேட்ட வேகம் இருந்தது, ஆனால் இங்கே கிட்டார் தன் சொந்தத் தளர்ச்சியில் இருந்ததால் சத்தம் கேசட்டைவிட ஆழத்தில் போய்க் குடைந்தது. இவ்வளவு கனமும் இவ்வளவு வேகமும் ஒன்றாக வருமென்று அங்கே யாரும் எதிர்பார்க்கவில்லை, வாசித்த மூவர் உட்பட. இரண்டாவது, மூன்றாவது, நாலாவது பாட்டுகள் போயின. நடுவில் விட்டிருந்த இடம் காணாமல்போய், இரண்டு கூட்டமும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து ஆடிக்கொண்டிருந்தது.

ஆறாவது பாட்டில் வலது கை பிடித்துக்கொண்டது. விரல்கள் குச்சியோடு உறைந்துபோயின, மணிக்கட்டு அசைய மறுத்தது. தட்டுச் சத்தம் அறுந்தது. தம்பி அதைக் கேட்டான். கேட்டதும் தலையைத் திருப்பினான். அவளைப் பார்க்கவில்லை, நேராகப் படிப்பக்கம் பார்த்தான். நெட்டை பாக்கெட்டிலிருந்து குச்சிகளை உருவிக்கொண்டு ஒரு படி ஏறினான்.

அந்த ஒரு படியைத் தடதடா பார்த்தாள். உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. வலது கை செய்ததைத்தான் காலும் செய்துகொண்டிருந்தது. கை போனால் போகட்டும், கால் இருக்கிறது, இடது கை இருக்கிறது. வலது கையை மடியில் போட்டுவிட்டு, இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு ஓட்டினாள். தட்டின் பளபளப்பு போய், கீழே இடியும் நடுவே சொடுக்கலும் மட்டும் மிஞ்சின. அறிவிப்பாளர் திரும்பிப் பார்த்துவிட்டு மேலும் ஆழத்துக்கு இறங்கி உறுமினார். நெட்டை அந்தப் படியிலேயே நின்றுவிட்டான். அவள் வேகத்தைக் கூட்டினாள். தம்பியின் விரல்கள் திணறின. அவன் இப்போது அவளைப் பார்த்தான், கொஞ்சம் குறைக்கச் சொல்லிக் கண்ணால் கெஞ்சினான். அவள் குறைக்கவில்லை. எட்டாவது பாட்டில் வலது கை மனம் இரங்கித் திரும்பி வந்தது. அதற்குப்பிறகு நடந்ததை வாசிப்பு என்பதா சண்டை என்பதா என்று தெரியவில்லை. பத்தும் முடிந்தது.

நெட்டைதான் முதலில் வந்தான். குச்சிகளைத் திரும்பப் பாக்கெட்டில் செருகிக்கொண்டே, தான் ஏறியிருந்தால் முதல் பாட்டிலேயே மானம் போயிருக்கும் என்று சொல்லிவிட்டு, பெட்டிகளைத் தூக்கப் போய்விட்டான். பிறகு கூட்டத்திலிருந்து ஒரு பெண் முண்டியடித்து வந்தாள். பல் மருத்துவரிடம் உதவியாளராக இருப்பவள், கேசட்டைத் தேயத் தேயக் கேட்டவள். அவள் புகழ ஆரம்பித்ததும் தடதடாவுக்குத் தாங்கவில்லை. அந்தக் கேசட் பொய், மெஷின் சக்கரம் பெரிதானதால் வந்த வேகம் அது என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

அந்தப் பெண் சிரித்தாள். "சும்மா சொல்லாதீங்கக்கா. கேசட்ல இதவிட மெதுவாதான இருந்துச்சு."

அவள் போனபிறகு தம்பி வந்து மேடையோரத்தில் உட்கார்ந்தான். அக்காவின் வலது கை இன்னும் குச்சியை விடவில்லை. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் குச்சியை எடுத்தான். உள்ளங்கை தோல் உரிந்திருந்தது. தன் சட்டை நுனியால் அதை ஒற்றினான்.

"கேசட்டையும் தாண்டிட்டியேக்கா. எப்படி?"

"நீ தலையத் திருப்புனல்ல, அப்பதான்," என்றாள் அவள்.