தௌனோவின் கணினியும் அதன் தேதியும்

ரௌமா ஊரில் பேருந்து ஓட்டிய காலத்தில், ஓடி வருகிறவருக்காகக்கூட ஒரு நிமிஷம் வண்டியை நிறுத்தி வைக்காதவர் தௌனோ. ஓய்வுபெற்ற பிறகு அந்தக் கறாரைத் தன் பழைய கணினியிடம் காட்டினார். அதுவோ அவரை மதிக்கவில்லை. மென்பொருளைப் புதுப்பிக்கச் சொன்னால், "இந்தக் கோப்பு இன்னும் செல்லுபடியாகவில்லை" என்று மறுத்துவிட்டது.

தௌனோ கேபிளைப் பிடுங்கிச் செருகினார். இணைய நிறுவனத்துக்குப் போன் போட்டுக் கத்தினார்.

காப்பியும் ஏலக்காய் பன்னும் கொண்டுவந்த மனைவி இர்மெலி, திரையின் மூலையைப் பார்த்துச் சிரித்துவிட்டாள்.

"உனக்கு இப்ப என்ன வயசு?"

"எழுபத்தொண்ணு. ஏன்?"

"இதோட கணக்குல உனக்கு அம்பத்தேழுதான். இன்னும் 2011-லயே உக்காந்திருக்கு பாரு."

உள்ளே இருந்த சின்ன பேட்டரி செத்துப்போய், கடிகாரம் பழைய தேதிக்குத் திரும்பியிருந்தது. இந்த வாரம் வெளியான கோப்பு எதிர்காலத்திலிருந்து வந்ததாக எண்ணி, கணினி அதை நம்ப மறுத்திருக்கிறது.

"அதுல யாரு மணி பாக்குறா? எனக்குத்தான் கையில வாட்ச் இருக்கே!"

"உனக்கு இருக்கு. பாவம், அதுக்கு இல்லையே."

தேதியைத் திருத்தியதும் புதுப்பிப்பு கடகடவென்று ஓடியது. தௌனோ பன்னைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"இத வெளிய யார்கிட்டயும் சொல்லிடாத."

"சேச்சே! சாயந்தரம் நீராவிக் குளியலுக்கு என் தங்கச்சி வர்றா. அவகிட்ட மட்டும் சொல்லிக்கிறேன்."