விசில் இல்லாத சமையல்

எட்டு மாதமாகக் குக்கர் பரணில் கிடந்தது. தையல்காரி எல்லாவற்றையும் திறந்த பாத்திரத்தில்தான் வேகவைத்தாள். தைக்க வேண்டிய திரைச்சீலைகள் மலைபோல் கிடக்க, அடுப்படியில் நின்றே அவளுக்கு இடுப்பு கழன்றது. வாசல் மணியின் கம்பியைப் பிடுங்கியாகிவிட்டது. மகள் கதவைச் சாத்துவதற்குக்கூட இவளிடம் உத்தரவு வாங்க வேண்டும்.

அவள் வீட்டுக்காரர் சலவைக்கூடத்தில் பாய்லர் பார்த்தவர். எட்டு மாதத்துக்கு முன் ஒருநாள் அங்கே நீராவிக் குழாய் வெடித்தது. கூட வேலை பார்த்த நண்பர் அங்கேயே இறந்துபோனார். இவருக்குக் கையில் தழும்பு மட்டும்தான். பிழைத்ததே பெரிது என்று ஊரே சொன்னது. பிழைத்த மனுஷனோ தூக்கத்தில் அலறினார். ஏதாவது டமால் என்றால் தெருவுக்கு ஓடினார். மகள் சிரித்தால் எரிந்து விழுந்தார், அழுதால் கண்டுகொள்ளவில்லை. பேருந்து அந்தச் சலவைக்கூடத்தைத் தாண்டிப் போகும் என்பதால் பேருந்தில் ஏறுவதையே விட்டார்.

தையல்காரியின் அண்ணன் வாரம் தவறாமல் வந்து, "மனசைத் திடமா வச்சுக்கோங்க மாப்பிள்ளை" என்று சொல்லி, காபி குடித்துவிட்டுப் போவார். அந்தக் காபியை அவர் தலையிலேயே கொட்டலாமா என்று வரும் இவளுக்கு.

கடைசியில் கணவரை மனநல மருத்துவரிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

"இது பைத்தியமும் இல்ல, கோழைத்தனமும் இல்ல. நடந்தது முடிஞ்சு போச்சுன்னு இவர் உடம்பு இன்னும் நம்பல. அதான் சத்தம் கேட்டா ஓடுது" என்றார் அந்த டாக்டரம்மா. மாத்திரை எழுதினார். வாராவாரம் வந்து பேசச் சொன்னார். சில வாரம் கழித்து, போனில் பதிந்த குக்கர் விசில் சத்தத்தைக் கேட்க வைத்துப் பழக்கினார். அடுத்தது வீட்டுக் குக்கர்.

"நீங்க சத்தத்தை ஒளிக்க ஒளிக்க, அது நிஜமாவே ஆபத்துன்னு அவருக்குத் தோணும்மா" என்றார் இவளிடம்.

தையல்காரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாடாய் உழைத்ததற்கு இந்தப் பெயரா!

ஆனாலும் குக்கரை இறக்கி, கிழங்கு வைத்தாள். அவர் பக்கத்தில் நின்றார். முகம் வெளிறுவதைப் பார்த்ததும், விசில் வருமுன் இவளே அடுப்பை அணைத்துவிட்டாள். மறுநாளும் அதே கதை. அதற்கு அடுத்த நாள் இவள் கை அடுப்புக்குப் போனபோது அவர் இவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"அணைக்காத."

"உங்க மூஞ்சியப் பாக்க என்னால முடியலைங்க!"

"முடியலைன்னா நீ வெளிய போ. நான் நிக்கறேன்."

அவள் போகவில்லை. விசில் அடித்தது. அவர் சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்தது. பிடித்த பிடியில் அவள் கை வலித்தது. ஆனால் அவர் ஓடவில்லை.

"அவனைக் கத்திக் கூப்பிட்டேன்" என்றார். நண்பரைப் பற்றி அவர் இதுவரை வாய் திறந்ததே இல்லை. "அந்தச் சத்தத்துல அவனுக்குக் கேக்கல."

'விடுங்க, அதை நினைக்காதீங்க' என்பது அவள் நாக்கு நுனிவரை வந்தது. இதையே சொல்லிச் சொல்லி அவர் வாயை அடைத்தது தான்தான் என்று அப்போதுதான் உறைத்தது. தன் மேலேயே ஆத்திரம் வந்தது. அடுத்த விசிலும் அடித்து ஓய்ந்தது.

"அப்புறம்?" என்றாள்.