உட்கார்ந்தே விற்றவள்

தேவானந்தம் மேட்சிங் சென்டரில் பொன்னி வேலைக்குச் சேர்ந்தபோது அவளுக்கு இருபத்திரண்டு வயது. கோவளத்துப் பக்கம் மீனவக் குடும்பத்தில் பிறந்து இரும்புலியூரில் வாழ்க்கைப்பட்டவள். புடவையை விரித்துக் காட்டினால் போதும். சுவர் முழுக்க அடுக்கியிருக்கும் ஜாக்கெட் துணிகளில் அதற்குச் சேரும் ஒன்றைச் சட்டென்று உருவிப் போடுவாள். டியூப்லைட்டை மட்டும் நம்பமாட்டாள். துணியையும் புடவையையும் வாசலுக்கு எடுத்துப்போய் வெயிலில் பார்த்துவிட்டுத்தான் கிழிப்பாள்.

தாம்பரத்தில் தொடங்கிய அந்தக் கடைக்கு அப்போது குரோம்பேட்டை, பல்லாவரம், சேலையூர், கூடுவாஞ்சேரி என்று தாம்பரத்தையும் சேர்த்து ஐந்து கிளைகள். தீபாவளி நெருங்கினால் பெண்கள் பையில் புடவையோடு தெருவரை நிற்பார்கள். முதலாளி தேவானந்தம் ஒவ்வொரு கிளையிலும் கவுண்டருக்குப் பின்னால் ஆளுக்கொரு மர ஸ்டூல் போட்டுவைத்திருந்தார். ஆள் வந்தால் எழுந்து துணி எடுப்பார்கள், இல்லாதபோது உட்காருவார்கள். அதை ஒரு சலுகையாக யாரும் நினைத்ததில்லை.

இரண்டாயிரத்து ஐந்து வாக்கில் காற்று திசை மாறியது. ஜி.எஸ்.டி. ரோட்டில் மாடி மாடியாகத் துணிக்கடைகள் எழும்பின. புடவையோடு ஜாக்கெட் துணியும் சேர்ந்தே வரத் தொடங்கியது. காலேஜ் போகும் பெண்கள் சுடிதாருக்கு மாறிவிட்டார்கள். பல்லாவரம் கிளை முதலில் மூடியது. உடம்புக்கு முடியாமல் தேவானந்தம் வீட்டோடு இருந்துவிட, மகன் ஹேமநாத் பொறுப்புக்கு வந்தான். கண்ணாடிக் கதவு, ஏ.சி., மெரூன் யூனிஃபார்ம் புடவை எல்லாம் வந்தன. பெரிய கடைகளைப் பார்த்து குரோம்பேட்டைக் கிளையில் ஸ்டூல்களை எடுத்தான். அடுத்த வருஷம், ஒரு திங்கட்கிழமை காலை, பொன்னி வேலை பார்த்த தாம்பரத்திலும் ஸ்டூல்கள் இல்லை.

இரண்டு மாதம் நின்றார்கள். காலை ஒன்பதரையிலிருந்து கடை சாத்தும்வரை. பொன்னிக்குக் கெண்டைக்காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு பச்சையாகப் புடைத்தது. பக்கத்து அலமாரியில் நிற்கும் கீதாவுக்கு ஒருநாள் வீடு திரும்பும்போது பாதம் செருப்புக்குள் நுழையவில்லை. செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள். அவள் அப்படிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்ற பொன்னிக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

மறுநாள் கடை திறந்ததும், துணி மூடிவைக்கும் பெட்ஷீட்டைக் கவுண்டருக்கு முன்னால் தரையில் விரித்து உட்கார்ந்துவிட்டாள்.

முதலில் வந்தவர் மாடம்பாக்கத்து புஷ்பலதா டீச்சர், பழைய வாடிக்கை. "என்ன பொன்னி, உடம்பு சரியில்லையா?"

"உடம்பு நல்லாத்தான் கீது டீச்சர். ஸ்டூலை எடுத்துட்டாங்க. கால் தாங்கல."

டீச்சர் செருப்பைக் கழற்றிவிட்டுத் தானும் பெட்ஷீட்டில் உட்கார்ந்து, தம்பி மகள் கல்யாணத்துக்கு எடுத்த ஏழு புடவைகளையும் மடியில் விரித்தார். கீதாவும் மெல்ல வந்து உட்கார்ந்தாள். பின்னால் வந்த பெண்கள், இதுதான் புது ஏற்பாடோ என்று நினைத்துச் சப்பணமிட்டார்கள். மதியத்துக்குள் பெட்ஷீட்டில் இடமில்லை.

தகவல் போய் ஹேமநாத் வந்து நின்றான். "என்னக்கா இது? கடையா, கல்யாண மண்டபமா?"

"ஸ்டூல் இல்ல சார். அதான் தரையில."

"கஸ்டமர் முன்னாடி உக்காந்துகிட்டுப் பேசுறது மரியாதையா?"

"எங்கம்மா கடைசி வரைக்கும் மீன் கூடை முன்னாடி உக்காந்துகினுதான் வித்துச்சு. வாங்க வந்தவங்கதான் குனிஞ்சாங்க. ஒருத்தரும் மரியாதை பூட்ச்சுன்னு சொல்லல."

"நிக்க முடியாதுன்னா நாளைலேர்ந்து வராதீங்க."

"வருவேன் சார். வந்து உக்காருவேன்."

டீச்சர் தலையைத் தூக்காமல், "தம்பி, கொஞ்சம் வெளிச்சத்தை மறைக்காம நில்லுங்க, கலர் தெரியல" என்றார். நாலைந்து பேர் சிரித்துவிட்டார்கள். ஹேமநாத் வெளியே போய்விட்டான்.

சொன்னபடி மூன்று நாள் வந்து தரையில் உட்கார்ந்தாள். நான்காம் நாள் கவுண்டருக்குப் பின்னால் பிளாஸ்டிக் ஸ்டூல்கள் இருந்தன. பொன்னி பெட்ஷீட்டை உதறி மடித்துவைத்தாள்.

அதனால் வியாபாரம் நிமிர்ந்துவிடவில்லை. குரோம்பேட்டை மூடியது, பிறகு சேலையூர், பிறகு கூடுவாஞ்சேரி. ஹேமநாத் பார்க்கிறவர்களிடமெல்லாம், "பொண்ணுங்க உக்காந்தாங்க, வியாபாரம் படுத்துடுச்சு" என்று சொல்வதாகப் பொன்னி காதில் விழுந்தது. நேராக அவன் அறைக்குப் போனாள்.

"குரோம்பேட்டையில ஒரு வருசத்துக்கு மேல நிக்க வெச்சீங்களே, அது ஏன் சார் மூடிச்சு?"

அவன் கணக்கு நோட்டை மூடிவைத்தான். தூக்கமில்லாத முகம். "புடவையோடயே ஜாக்கெட் பிட்டும் வந்துடுதுக்கா. அதுக்கு நான் என்ன பண்ண முடியும்?"

"அதச் சொல்லுங்க. எங்க தலையில போடாதீங்க."

அவன் தலையாட்டினான். வெளியே வரும்போது அவளுக்கு அவன்மேல் கொஞ்சம் இரக்கம் வந்தது உண்மை. ஆனால் சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூடத் திரும்ப வாங்கிக்கொள்ளத் தோன்றவில்லை.

இரண்டாயிரத்து ஒன்பது பொங்கலோடு தாம்பரம் கடையும் மூடியது. பொன்னி ஒரு பெரிய கடைக்கு வேலை கேட்டுப் போனாள். பதினாறு வருஷ அனுபவம் என்றதும் மேனேஜர் உடனே சேரச் சொன்னார்.

"நடுவுல உக்கார எதுனா இருக்குதா சார்?"

"சேல்ஸ்ல யாரும்மா உக்காருவாங்க?"

"அப்ப வேற ஆளைப் பாருங்க."

புருஷன் குமரேசன் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். "பேஜார் புடிச்சவடி நீ" என்று இரண்டு நாள் முகம் கொடுக்காமல் இருந்தான். மூன்றாம் நாள் தன் வண்டியிலேயே ஏற்றிக் கடை கடையாகக் கூட்டிப்போனான். ஐந்து கடைகளில் முடியாது என்றார்கள். முடிச்சூர் ரோட்டில் ஸ்கூல் யூனிஃபார்ம் கடை வைத்திருந்த லோகநாயகி, "உக்காந்துக்கோயேன், அதையெல்லாமா கேப்பாங்க?" என்றார். சம்பளம் முன்னதைவிடக் குறைவு. பொன்னி சேர்ந்துகொண்டாள்.

கீதா பெரிய கடைக்குத்தான் போனாள். அவளுக்கு ஸ்கூல் போகும் பிள்ளைகள் இரண்டு. பொன்னி அவளைக் குறை சொல்லவில்லை. லீவு நாளில் ஒருமுறை இரும்புலியூருக்கு வந்த கீதா, வாசற்படியில் காலை நீட்டிக்கொண்டு சொன்னாள்: "உன்ன மாதிரி அங்க கேக்க முடியாதுடி. கேட்டா அன்னிக்கே கணக்கு முடிச்சு அனுப்பிடுவான்."

"தனியா கேட்டா அனுப்புவான்தான். உன் மாடியில எத்தினி பேரு நிக்கிறீங்க?"

"பதினெட்டு."

"லீவு வேற வேற நாளாச்சே, எல்லாரும் எப்பச் சேருவீங்க?"

"ஆயுத பூஜைக்கு மறுநாள் கடையே லீவு."

"பதினெட்டு பேரையும் அன்னிக்கு இங்க இட்டாந்துடு" என்றாள் பொன்னி. "டீ போட்டு வெக்கிறேன். பேசுவோம்."